படகு வாங்கினீர்கள், தொட்டில் வாங்கினீர்களா?

ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் செய்தித்தாளில் ஒரு படம் வரும். "பருவமழையை எதிர்கொள்ள மீட்புப் படகுகள் தயார்" என்று கீழே போட்டிருக்கும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிய நான்கு பேர், பக்கத்தில் ஓர் அதிகாரி, நடுவில் பளபளவென்று ஒரு பைபர் படகு. அடுத்த தடவை அந்தப் படம் வந்தால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படகு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு சக்கர டிரெய்லராக இருக்கும். அதன் பலகை படகின் அடியில் ஒட்டியிருக்கிறதா, ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறதா, படகின் பின்பக்கம் பலகையைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், படத்துக்குக் கீழே போட்டிருக்கும் "தயார்" என்ற சொல்லை அடித்துவிடலாம்.

தென்காசிக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். நமக்குத் தெரிந்த படகெல்லாம் ஐந்தருவி சாலையில் வெண்ணமடைக் குளத்தில் சீசனுக்கு மிதக்கிற மிதிபடகும் துடுப்புப் படகும்தானே. பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டுக் கரையில் நின்று சாரலில் நனைந்துகொண்டே கையசைத்திருக்கிறோம், அவ்வளவுதான் நமக்கும் படகுக்கும் உள்ள உறவு.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. நாம் கடலுக்கு நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். கடற்கரை ஊரில் வெள்ளம் வந்தால் படகு பக்கத்திலேயே கிடக்கும். நமக்கு வர வேண்டிய படகு டயரில் உருண்டுதான் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்தோ வேறெங்கிருந்தோ அத்தனை வேகத்தடையிலும் ஏறி இறங்கி வர வேண்டும். தண்ணீரில் ஒரு நிமிடம்கூட ஓடுவதற்கு முன்னால் அது சாலையில் மூன்று மணி நேரம் குலுங்கியிருக்கும். உள்நாட்டு ஊருக்கு டிரெய்லர்தான் படகில் பாதி.

1992 நவம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் இன்னும் பசுமையாக இருக்கின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கே தண்ணீர். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டமும் தத்தளித்தது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த லாரிகளைப் பார்த்துக் கும்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததும் அதுதான். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது 669 படகுகளோடு 4,537 மீனவர்கள் மீட்புக்குப் போனதாக அந்த அரசு கணக்குச் சொன்னது. கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து லாரியில் ஏறி, செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போன படகுகள் அவை. பிறகு அந்த அரசே, சேதமான படகுகளைச் சரிசெய்து கொடுப்போம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மீட்பில் சேதம் வரத்தான் செய்யும். மதில்சுவர், கம்பிவேலி, முறிந்த மரம் எல்லாம் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் சாலையிலும் வருகிற சேதம் வெள்ளத்தின் கணக்கில் சேராது. அது மனிதன் செய்வது. அதைத் தடுக்க ஒரு ஸ்பானரும் அரைநாள் பொறுமையும் போதும் என்பதால்தான் எனக்கு இத்தனை கோபம்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, உத்தியோகத்துக்காகவும் மாமனார் ஊர் என்பதற்காகவும் இந்தப் பக்கம் வந்து வேரூன்றியவன். பிரெஞ்சில் படகின் உடம்புக்கு 'கொக்' என்று பெயர். முட்டை ஓட்டுக்கும் அதே சொல்தான். அவித்த முட்டையை மேசையில் வைத்துக் கரண்டியால் தட்டித் தின்பார்களே, அதற்கும் அதே 'கொக்'தான். வகுப்பில் இதைக் கேட்டபோது, இவ்வளவு பெரிய கப்பலுக்கு முட்டை ஓடா என்று சிரித்தோம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு தச்சனுடைய அறிவு இருக்கிறது. முட்டையை உள்ளங்கையில் பொத்தி எவ்வளவு அழுத்தினாலும் லேசில் உடையாது. கட்டைவிரல் நகத்தால் ஓர் இடத்தில் குத்துங்கள், என்ன ஆகிறது பாருங்கள். அதே மொழியில், கரையில் கப்பலைத் தாங்கும் மரச்சட்டத்துக்கு 'பெர்' என்று பெயர். குழந்தையின் தொட்டிலைக் குறிக்கும் பழைய சொல் அது. படகு தரையில் இருக்கும்போது அது குழந்தை, அதற்குத் தொட்டில் வேண்டும் என்று எவனோ ஒரு கிழட்டுத் தச்சன் நினைத்திருக்கிறான். நம் டெண்டர் எழுதுகிறவர்களோ படகின் நீளம், மோட்டாரின் குதிரைத்திறன், பெயின்ட் நிறம், பக்கவாட்டில் எழுத வேண்டிய எழுத்தின் உயரம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசி வரியில் "டிரெய்லருடன்" என்று முடித்துவிடுவார்கள். செருப்பு வாங்கும்போது காலளவு கேட்காமல் "ஒரு ஜோடி" என்று எழுதுவதுபோல.

எழுத்தனாக இருந்தவன் நான், கணக்கில்லாமல் பேச வராது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் அதன் அடிப்பாகம் ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் படிந்திருக்கிறது என்று வையுங்கள். 75,000 சதுர சென்டிமீட்டர். ஆயிரம் கிலோவை அதில் பங்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 13 கிராம். ஒரு கட்டைவிரல் நகத்தின்மேல் கொஞ்சம் புளியங்கொட்டை வைத்த பாரம். இப்போது அதே படகை ஒழுங்கான டிரெய்லரில் வையுங்கள். இரண்டரை மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகள் முழுக்கப் படிந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். தாங்கிக்கொள்ளும். இனி, பலகை கோணலாக இருந்து, படகு நான்கே இடங்களில், ஒவ்வோரிடத்திலும் உள்ளங்கை அளவுக்கு மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டரைக் கிலோ! தண்ணீரில் இருந்ததைப்போல் நூற்று எண்பது மடங்குக்கும் மேல். இதுவும் நிற்கிற கணக்குத்தான். வேகத்தடையில் தூக்கிப் போடும்போது எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பைபர் உடையாது சார் என்று ஒருவர் எப்போதும் சொல்வார். அவருக்கு என் பதில்: உடையாதுதான், அதுதான் ஆபத்து. மரப்படகு விரிந்தால் தெரியும். பைபர் படகின் மேற்பூச்சில் முதலில் சிலந்திவலைபோல மெல்லிய கீறல்கள்தான் வரும். வெயிலில் நெளிந்த பெயின்ட் என்று நினைத்து மேலே இன்னொரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணாடி இழை அடுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பஞ்சு. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது மூழ்கிக் கிடக்கிற கேட்டின் கம்பியில் இடித்தால்தான் உண்மை தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (எது என்று எழுதப்போவதில்லை) இப்படி ஒரு படகு வந்தது. இருப்புப் பதிவேடு என் மேசையில். வந்த அன்று மாலையே, "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று முத்திரை குத்திக் கையெழுத்தாகிவிட்டது. படகும் டிரெய்லரும் தனித்தனியாக நிற்கும்போது இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி யாரும் பார்க்கவில்லை. ஏற்றியபோது அங்கே தினக்கூலியாக இருந்த ஒரு பையன், கடற்கரை ஊர்க்காரன், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, இது ஏராவுல உக்காரல. வயித்துல உக்காந்திருக்கு."

ஏரா என்றால் படகின் அடிமரம், முதுகெலும்பு மாதிரி. அவன் சொன்னதைக் கேட்டவர் ஒருவருமில்லை. வேறொரு அளவுப் படகுக்குச் செய்த டிரெய்லர் அது, தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு பருவம் ஒத்திகைக்கும் கண்காட்சிக்கும் இழுத்துக்கொண்டு திரிந்ததில் படகின் வயிற்றில் இரண்டு இடத்தில் குழி விழுந்தது. கோப்பு என்னிடம் வந்தபோது, பழுதுக்குக் காரணம் டிரெய்லரின் பலகை பொருந்தாததே என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். குறிப்பு திரும்பி வந்தது. நான் எழுதியதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "உபயோகத் தேய்மானம்" என்று இரண்டே சொல்.

அந்த இரண்டு சொல்லைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எதிர்க்கிறேன். பொருந்தாத டிரெய்லர் என்று எழுதினால், அதை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். தணிக்கைக்காரர் கேள்வி போடுவார். கொடுத்தவனிடமிருந்து பணத்தை வசூலிக்க வேண்டும். தேய்மானம் என்று எழுதினால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். காலம் தேய்த்தது, காலத்துக்கு மெமோ கொடுக்க முடியுமா? இதன் விளைவு என்னவென்றால், படகு கெட்டதற்கான காரணம் எந்தக் காகிதத்திலும் ஏறாது. காரணம் ஏறாததால் அடுத்த டெண்டரிலும் அதே "டிரெய்லருடன்". அதே கோணல் வண்டியின்மேல் புதுப் படகு வந்து உட்காரும். அந்த வண்டி இரண்டாவது படகையும் சாப்பிடும்.

சரி, எப்படி இருக்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுகிறேன். குறை மட்டும் சொல்கிறவன் என்று என் வீட்டிலேயே பெயர் இருக்கிறது.

படகின் உடம்பில் எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாங்க வேண்டும். நடுவில் ஏரா. அதன் இருபுறமும் உள்ளே நீளவாக்கில் கட்டைகள் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஏராவுக்குக் கீழே ரப்பர் ரோலர்கள், அந்த நீளக் கட்டைகளுக்கு நேர் கீழே பலகைகள். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற வெறும் தோலில் பலகை படக்கூடாது. பையன் சொன்ன 'வயிறு' அதுதான்.

பலகை பின்னால் எதுவரை போகிறது என்பது அடுத்தது. படகின் அமரம், அதாவது பின்பக்கம், பலகையின் முடிவோடு முடிய வேண்டும். மோட்டார் தொங்குவது அங்கே. பலகை அரை அடி குறைவாக இருந்து, அந்த இடம் அந்தரத்தில் தொங்கினால், மாதக்கணக்கில் நிற்கும்போது மோட்டார் பாரத்தில் அடிப்பலகை கீழ்நோக்கி வளைந்துவிடும். பார்த்தால் தெரியாத வளைவு. தண்ணீரில் வேகம் எடுத்தால் அணியம், அதாவது மூக்கு, தண்ணீருக்குள் அழுந்தும். ஓட்டுகிறவன் மோட்டாரைத் திட்டுவான். மோட்டார் என்ன செய்யும் பாவம்.

முன்பக்கம் ஒரு தூண் இருக்கும், அதில் வின்ச். அந்தத் தூணில் அணியம் வந்து முட்டி நிற்க ஒரு ரப்பர் தடுப்பு. அணியத்தில் பொருத்திய வளையம் அந்தத் தடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் சாலையில் மூக்கு மேலே எகிறாது. தூணை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதால் சிலர் கொக்கியில் விழும் பாரத்தைச் சரிசெய்யத் தூணை நகர்த்துவார்கள். இது தப்பு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொக்கியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வால் ஆட்டும் என்பது சரி. ஆனால் அதற்காகப் படகை முன்னே இழுத்தால் அமரம் பலகையிலிருந்து விலகிவிடும், பின்னே தள்ளினால் பின்னால் தொங்கும். நகர்த்த வேண்டியது அச்சை. அதற்குத்தான் அச்சு யூ போல்ட்டில் இருக்கிறது. போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால், அந்த டிரெய்லரை இதுவரை யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

இனி ஏற்றுவது. படகுகள் அதிகமாக அடிபடுவது இங்கேதான். டிரெய்லரைப் பின்னோக்கித் தண்ணீரில் இறக்கும்போது பலகையின் மூன்றில் இரண்டு பங்கு மூழ்கினால் போதும். அதற்கு மேல் இறக்கினால் படகு சொகுசாக மிதந்து உள்ளே வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்பக்கம் நீரோட்டத்தில் ஒருபக்கம் விலகும். ஜீப் இழுக்க ஆரம்பித்ததும் படகு விலகின நிலையிலேயே பலகையின் ஓரத்தில் உட்காரும், அல்லது சக்கரத்தின் மட்கார்டில் உட்காரும். போதாமல் இறக்கினால் டிரெய்லரின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் ஏரா நேராக வந்து மோதும். நான்கு பேர் ஐலசா போட்டு இழுப்பார்கள், இரும்பில் பைபர் உராயும். சரிவு செங்குத்தாக இருந்தால் போதுமான ஆழத்திலும் இந்த மோதல் நடக்கும். அந்தக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரு ரோலர் போட்டு, அதற்கேற்பப் பலகையை இரண்டு விரல் உயர்த்தினால் தீர்ந்தது. இருபுறமும் ஆளுயரத்துக்குக் குழாய் நட்டு வைத்தால் பின்பக்கம் விலகாது. அதற்கும் பெரிய செலவு கிடையாது, பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற பைப்.

வெள்ளத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே படகுத்துறை கிடையாது, மூழ்கின தார்ச்சாலைதான் படகுத்துறை. சாலை ஏறக்குறையச் சமமாக இருக்கும். முழங்கால் ஆழம் வருவதற்கே ஜீப் வெகுதூரம் தண்ணீரில் போக வேண்டும், புகைக்குழாயில் தண்ணீர் ஏறி நின்றுவிடும். எனவே டிரெய்லரைக் கழற்றிக் கயிறு கட்டி, ஆட்கள் கையால் தள்ளி இறக்கப் பழக வேண்டும். உயரமான டிரெய்லர் இங்கே உதவாது. பலகையைத் தாழ்வாக வைத்த டிரெய்லர்தான் உள்நாட்டுக்கு ஏற்றது. இதையெல்லாம் வெள்ளம் வந்த இரவில் டார்ச் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

பலகையின்மேல் போடுகிற துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ப்பெட் போட்டிருப்பார்கள். அதில் ஆற்று மணல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது கார்ப்பெட் இல்லை, உப்புத்தாள். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் படகின் அடியை இழைக்கும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். கார்ப்பெட்டை அடித்த போல்ட்டின் தலை மரத்துக்குள் அமுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான் கேள்விப்பட்ட நீளக் கீறல்களில் பாதிக்குமேல் இந்தப் போல்ட் தலை போட்டவைதான்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "மீனவர்கள் டிரெய்லரா வைத்திருக்கிறார்கள்? லாரியில் போட்டுக்கொண்டு வந்து ஊரையே காப்பாற்றவில்லையா?" வந்தார்கள். ஆனால் படகோடு யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் படகைச் சொந்தப் பணத்தில் வாங்கி, வட்டி கட்டி, தினமும் கரையில் உருட்டி ஏற்றுகிறவர்கள் வந்தார்கள். எங்கே தோள் கொடுத்தால் தாங்கும் என்று அவர்கள் தோளுக்குத் தெரியும். லாரியின் தளத்தில் வலையையும் மணல் மூட்டையையும் போட்டு, ஏராவை அதில் புதைத்து, இருபுறமும் முட்டுக் கொடுத்து ஏற்றுவார்கள். அந்த வலையும் மணல் மூட்டையும்தான் அவர்களுடைய தொட்டில். அலுவலகப் படகை ஏற்றும்போது அத்தனை தோள் எங்கே கிடைக்கும்? ஒரு டிரைவர், இரண்டு காவலாளி, போனில் பேசிக்கொண்டிருக்கும் நான்காவது ஆள். ஆள் குறைவாக இருக்கிற இடத்தில்தான் வண்டி ஒழுங்காக இருக்க வேண்டும்.

ரப்பர் படகு இருக்கிறதே, காற்றை இறக்கி மடித்துக்கொண்டு போகலாமே என்பார் இன்னொருவர். போகலாம். பேரிடர் மீட்புப் படையினர் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள், அவர்கள் வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கருவேலமரமும் முள்வேலியும் நிறைந்த நம் பக்கத்து வயலில் ரப்பர் படகை மட்டும் நம்ப முடியாது. பைபர் படகு வேண்டும், வேண்டுமென்றால் அதைச் சுமப்பதற்கும் யோசிக்க வேண்டும்.

இதில் நமக்கு அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. நெல்லையப்பர் தேரை நகர்த்தும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். வடம் பிடிக்கிறவன் ஆயிரம் பேர், கட்டை கொடுக்கிறவன் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் இல்லாமல் தேர் வீட்டுச் சுவரில் போய் நிற்கும். ஒரு மரக்கட்டையின் அருமை தெரிந்த ஊரில், அரசு வண்டியில் மட்டும் ஏன் இரண்டு பலகையைப் பொருத்திப் பார்க்க ஆளில்லை?

ஆகவே நான் கேட்பது இவைதான். படகையும் டிரெய்லரையும் தனித்தனியாகப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்றை, குளத்துத் தண்ணீரிலிருந்து ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். பலகையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, படகின் அடிக்கு ஏற்றபடி பலகை தானாகச் சாய்ந்து படிந்த பிறகு முறுக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்விட்டு மறுபடி முறுக்க வேண்டும். எந்தப் படகுக்குச் சரிசெய்ததோ அந்தப் படகின் எண்ணை டிரெய்லரிலும் பெயின்ட்டால் எழுத வேண்டும், வேறு படகை அதில் ஏற்றக்கூடாது. சரிசெய்கிற வேலைக்குக் கடற்கரையிலிருந்து ஒரு மீனவரைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். சும்மா வந்து உதவுங்கள் என்று கேட்பது அவமரியாதை. ஒத்திகை என்றால் படகில் ஏறிப் படம் எடுப்பதோடு முடியாமல், இறக்கவும் திரும்ப ஏற்றவும் வேண்டும். ஏற்றுவதைப் படம் எடுங்கள், அதில்தான் எல்லாம் தெரியும். இருப்புப் பதிவேட்டில் பழுது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் போட்டு, "தேய்மானம்" என்று எழுதினால் எதில் தேய்ந்தது என்றும் எழுத வைக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல் ஓய்வூதியக்காரர்கள், மீதிப்பேரின் மகனோ மருமகளோ ஏதாவது ஓர் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். சோதனை மிகவும் எளிது. படகு ஏறி நிற்கும் டிரெய்லரிடம் ஒரு வெள்ளைத் தாளோடு போகச் சொல்லுங்கள். பலகைக்கும் படகுக்கும் நடுவில் தாளை நுழைத்து நீளவாக்கில் இழுத்துப் பார்க்கட்டும். எங்கே தாள் தடையில்லாமல் ஓடுகிறதோ அங்கே படகு உட்காரவில்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, எத்தனை கோடு விழுந்தது என்று அதே தாளில் எழுதி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்துவிடட்டும்.